படைக்குப் போன மகனுக்கு உம்மா பொறுப்பாளியா?



செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கே பிரிந்து போகும் பதுளை வீதியை உங்களில் பலர் அறிவீர்கள். கரடியனாறு, மகா ஓயா என்று போய் மலைநாட்டுக்கு ஏறும் வீதி அது. அந்த வீதியை ஒட்டி மூன்று விதமான தாய்மார் வாழ்கிறார்கள். சந்திக்குப் பக்கத்தில், ஏறாவூரில், ஊர்காவல் படைக்கு மகனை அனுப்பிய உம்மாமார். கரடியனாற்றுப் பக்கம், புலிகளின் இயக்கத்துக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாமார். மகா ஓயாவிலும் அதற்கு அப்பாலும், இராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பிய சிங்களத் தாய்மார். மொழியும் மார்க்கமும் வேறு வேறு. ஆனால் இவர்களில் எத்தனையோ பேரின் வாசலில் சீருடை அணிந்தவர்கள் வந்து நின்று, "உங்கள் மகன் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள்.

வளர்ந்து ஆளாகி, துப்பாக்கி ஏந்தும் ஒருவன் ஒழுங்கு தவறினால் அதிகாரி அவனுடைய பெற்றோரைக் கூப்பிடலாமா? அவனைத் திருத்தும் பொறுப்பை அவர்கள் தலையில் வைக்கலாமா? இதுதான் இங்கே நாம் பார்க்கப்போகும் விஷயம். இது ஆண்களின் விஷயம் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். அப்படிக் கூப்பிடும்போது பெரும்பாலும் கூப்பிடப்படுகிறவள் தாய்தான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நமது நாட்டில் 1989ஆம் ஆண்டு முதல் 18 வயது நிறைந்தவர் முழு வயது வந்தவர். படையில் சேர்ந்தவன் இராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். அவன் பிழை செய்தால் விசாரிக்கவும் தண்டிக்கவும் கட்டளை அதிகாரி இருக்கிறார், இராணுவ நீதிமன்றம் இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் பெற்றோருக்கு என்று ஒரு நாற்காலி போடப்படவில்லை.

ஆனால் நடைமுறை அப்படியா இருக்கிறது? போர்க்காலத்தில் முகாமை விட்டு ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அரசு பல தடவை பொதுமன்னிப்புக் காலம் அறிவித்தது. போர் முடிந்து 15 ஆண்டு கழிந்தும், 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை மீண்டும் ஒரு பொதுமன்னிப்பு கொடுக்க வேண்டியிருந்தது. முப்படைகளையும் சேர்ந்த 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் சட்டப்படி விலகிக் கொண்டார்கள். அந்த 15 ஆயிரம் பேருக்கும் பின்னால் 15 ஆயிரம் வீடுகள் இருந்தன அல்லவா? நாய் குரைத்தாலும் எழுந்து உட்கார்ந்த தாய்மாரின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

படுவான்கரையில் நடந்தது இதைவிடக் கொடியது. 2004 மார்ச்சில் கருணா இயக்கத்திலிருந்து பிரிந்தார். ஏப்ரலில் வெருகல் பக்கம் சண்டை நடந்தபின் தன் படையைக் கலைத்தார். பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக வீடு திரும்பினார்கள். அவர்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். முகாம் வாசலுக்கே போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டி வந்த தாய்மாரும் உண்டு. சில வாரங்கள்தான். பிறகு இயக்கத்தார் வீடு வீடாக வந்து பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டார்கள். ஓடி ஒளிந்தவனுக்குப் பதிலாகத் தகப்பனையோ கூடப்பிறந்தவரையோ பிடித்து வைத்த சம்பவங்களை மனித உரிமை அமைப்புகள் எழுதி வைத்திருக்கின்றன. பெற்றோரைப் பிடித்தால் பிள்ளை தானாக வருவான் என்பதுதான் அங்கே கணக்கு. பெற்ற பாசத்தையே கயிறாகத் திரித்துப் பிள்ளையின் கழுத்தில் மாட்டினார்கள்.

ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது திருக்குர்ஆன் பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லும் அடிப்படை. மகன் செய்த குற்றத்துக்குத் தாயைத் தண்டிப்பது எந்தச் சீருடையில் வந்தாலும் அநியாயமே.

இனி நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். அயலாரைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், 11ஆம் திகதி இரவு தொடங்கி ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பின் நம் ஊர்களில் ஊர்காவல் படை பெருகியது. வேறு வழியும் இருக்கவில்லை. இந்தப் பிள்ளைகள் தூர முகாமில் இருக்கவில்லை. பகலில் உம்மாவின் கையால் சோறு, இரவில் காவலரணில் கடமை. ஆகவே கடமைக்குப் பிந்தி வந்தால், தூங்கிவிட்டால், பொறுப்பாளர் நேரே உம்மாவிடம் வந்து முறையிடுவது இலகுவாக இருந்தது. "உங்கட மகனுக்குக் கொஞ்சம் சொல்லுங்க ராத்தா" என்றால் வேலை முடிந்தது. சிறு பிழைக்கு இதில் பெரிய கேடில்லை. ஊரோடு ஒட்டிய படையில் இது இயல்பும்கூட.

பெரிய பிழைக்கு? 1992 ஏப்ரல் கடைசியில் பொலன்னறுவை மாவட்டத்தில் அழிஞ்சிப்பொத்தானையில் நம்மவர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழியாக முத்துக்கல், கரப்பொலை ஆகிய தமிழ்க் கிராமங்களில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்குப் பங்கு இருந்ததென்று பதிவாகியிருக்கிறது. சகோதரிகளே, அப்படிப்பட்ட காரியத்தைச் செய்தவனை "உம்மா கண்டித்து வைப்பா" என்று வீட்டுக்கு அனுப்புவது ஒழுங்கு நடவடிக்கையா? அது மூடி மறைப்பது. விசாரணை செய்ய வேண்டிய அதிகாரி தன் கடமையைத் தாயின் மடியில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறார் என்றே நான் சொல்வேன்.

ஆக, சிறு பிழைக்குப் பெற்றோர் தேவையில்லை, பெரிய பிழைக்குப் பெற்றோர் போதாது. அப்படியானால் அவர்களுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. அந்த இடம் வேறு.

தென்கொரியாவில் உடல் தகுதியுள்ள ஆண்கள் கட்டாயமாகப் படையில் சேவை செய்ய வேண்டும். 2014 ஏப்ரலில் அங்கே ஓர் இளம் சிப்பாயை அவனுடைய மூத்த சிப்பாய்கள் நாள்கணக்காக அடித்துத் துன்புறுத்தி, கடைசியில் அவன் இறந்துபோனான். சாப்பாடு தொண்டையில் சிக்கி இறந்தான் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. உண்மை வெளியே வர ஜூலை முடியும் வரை சென்றது. நாடே கொதித்தது. அதன் பின்னர்தான் பல படைப்பிரிவுகள் பெற்றோருடன் கைத்தொலைபேசிக் குழுக்கள் அமைத்து, பிள்ளைகளின் படங்களையும் செய்திகளையும் அனுப்பத் தொடங்கின. சில பெற்றோர் அளவு மீறி, என் மகனுக்கு ஏன் இந்த வேலை, ஏன் இந்தச் சாப்பாடு என்று அதிகாரிகளைப் படாதபாடு படுத்தியதும் உண்டு! சிங்கப்பூரில் 2011இல் ஒரு படம் பேச்சாகியதே, நினைவிருக்கிறதா? சீருடை அணிந்த இளைஞன் கையை வீசிக்கொண்டு நடக்கிறான், அவனுடைய முதுகுப்பையை வீட்டுப் பணிப்பெண் சுமந்துகொண்டு பின்னால் போகிறாள். பணிப்பெண்ணாக வெளிநாடு போன நம் பெண்களை நினைத்துப் பார்த்தால் அந்தப் படம் சிரிப்பை வரவழைக்காது. செல்லம் அந்த அளவுக்குப் போகலாகாது.

இருந்தாலும் அந்தக் கொரியத் தாய்க்கு முன்கூட்டியே ஒரு தொலைபேசி இலக்கம் இருந்திருந்தால்? மகனின் உடம்பில் காயத்தைப் பார்த்து யாரிடமாவது கேட்க முடிந்திருந்தால்? பெற்றோர் அதிகாரியின் கைப்பிரம்பாக இருக்கக் கூடாது. பிள்ளை எப்படி நடத்தப்படுகிறான் என்பதைப் பார்க்கும் சாட்சியாக இருக்க வேண்டும். மகன் நோயுற்றால், காயப்பட்டால், மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருந்தால், காணாமற் போனால் வீட்டுக்கு உடனே சொல்வது அதிகாரியின் கடமை. அவன் சீட்டாடினான், பிந்தி வந்தான் என்பதையெல்லாம் வீட்டுக்கு எழுதி வாலிபனைத் தாய்முன் தலைகுனிய வைப்பது எதற்கு? மனிதனின் குறையை மறைப்பதுதான் நமக்குச் சொல்லப்பட்டது. ஒரு தீமையைத் தடுக்க உதவி தேடி, உதவக்கூடியவரிடம் சொல்வது புறம்பேசுதல் ஆகாது என்று இமாம் நவவி (ரஹ்) விளக்கியிருக்கிறார்கள். அந்த அளவோடு நின்றால் போதும்.

பெற்றோரின் சொல்லுக்கு உண்மையான பலம் இருப்பது மகன் படைக்குப் போகுமுன்தான். போருக்குப் போக அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம் நபி (ஸல்) அவர்கள், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டு, அவர்களுக்குப் பணிவிடை செய்யும்படி திருப்பி அனுப்பினார்கள். பெற்றோரை அழவைத்துவிட்டு வந்தவரை, திரும்பிப் போய் அவர்களைச் சிரிக்க வைக்கும்படி சொன்னார்கள். எல்லார் மீதும் கடமையாகாத போருக்குப் பெற்றோரின் அனுமதி வேண்டும் என்று சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் சொன்னது இதை வைத்துத்தான்.

போன பின் ஒழுங்கு தவறியவர்களை என்ன செய்தார்கள்? ஹிஜ்ரி 9இல் தபூக் பயணத்துக்குப் போகாமல், தகுந்த காரணமும் இல்லாமல் பின்தங்கிய கஃபு இப்னு மாலிக் (ரழி) முதலான மூவரின் வரலாறு உங்களுக்குத் தெரியும். ஐம்பது நாள் யாரும் அவர்களோடு பேசவில்லை. நாற்பது நாள் சென்றதும் மனைவியரையும் விலகியிருக்கச் சொல்லப்பட்டது. ஆனால் தண்டனையை முடிவு செய்ததும், முடித்து வைத்ததும் தலைமையின் பக்கம். "உன் மகனை ஏன் இப்படி வளர்த்தாய்" என்று எந்தத் தாயும் அழைத்துக் கேட்கப்படவில்லை. மூவரில் ஒருவரான ஹிலால் இப்னு உமையா (ரழி) முதியவர். அவருடைய மனைவி நேரே வந்து, அவருக்குப் பணிவிடை செய்ய ஆளில்லையே, நான் செய்யலாமா என்று கேட்டார். தாம்பத்திய உறவு மட்டும் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. வீட்டாரின் குரல் தண்டனைக்குள் இரக்கத்தைக் கொண்டுவந்த விதத்தைப் பாருங்கள்.

உங்களில் யாருக்காவது நாளை அப்படி ஓர் அழைப்பு வந்தால் பதறாதீர்கள். அழைத்தவர் யார், எந்த முகாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மகன் நலமா என்று முதலில் கேளுங்கள். அவனோடு பேச முடியுமா என்று கேளுங்கள். அவன் ஓடி வந்து வீட்டில் இருக்கிறான் என்றால் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் சட்டத்தரணி ஒருவரிடம் கூட்டிப்போய், சரணடையும் வழியை அறிந்து, கூடவே போங்கள். கூடப் போவது வேறு, பிடித்துக் கொடுப்பது வேறு.

உமர் (ரழி) அவர்களின் காலத்தில் கிலாப் என்ற இளைஞர் பெற்றோரை விட்டு ஈராக் போர்முனைக்குப் போய்விட்டார். முதிய தந்தை உமையா, பார்வை மங்கி, கலீபாவிடமே வந்து கவிதையாய்ப் புலம்பினார். கலீபா அழுதுவிட்டார்கள். கிலாபைத் திருப்பி அனுப்பும்படி தளபதிக்கு எழுதினார்கள். வந்ததும், தந்தைக்கு நீ என்ன செய்வாய் என்று கேட்க, ஒட்டகப் பால் கறந்து கொடுப்பேன் என்றார். கறக்கச் சொல்லி, அந்தப் பாலைத் தந்தையிடம் கொடுத்தார்கள். பாத்திரத்தை வாயருகே கொண்டுபோன கிழவர், இதில் என் மகனின் கை மணக்கிறதே என்றார். இதோ உங்கள் மகன் என்று கலீபா அவரை முன்னால் நிறுத்தினார்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை அவர்களோடேயே இரு என்று கட்டளையிட்டு, கிலாபுக்குரிய உதவித்தொகையையும் கொடுக்கச் சொன்னார்கள்.