கோயிலுக்கு உண்டு, கோயில் யானைக்கு இல்லை

திருட்டுத்தனமாக லண்டன் போன தமிழ்நாட்டுப் பத்தூர் நடராஜர் சிலையைத் திரும்பக் கேட்டு வழக்காடியவர்களில் அந்த ஊரின் சிதைந்த கோயிலும் ஒரு தரப்பு. கோயில் எப்படி வழக்குப் போடும் என்று எதிர்த்தரப்பு மல்லுக்கு நின்றது. போடலாம் என்று 1991-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. நம் சட்டத்தில் இது பழைய சங்கதி. கோயில் மூர்த்தி ஒரு சட்டபூர்வ நபர். சொத்து வைத்திருக்கலாம், வழக்காடலாம். கம்பெனிக்கும் அப்படியே. சந்நிதிக்கு வெளியே சங்கிலியோடு நிற்கும் யானை மட்டும் உடைமை.

ஆகவே 'நபர்' என்ற தகுதியை யாரும் மூளையை அளந்து பார்த்துக் கொடுப்பதில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சியகத்து யானை ஹேப்பி, நெற்றியில் வரைந்த குறியைக் கண்ணாடியில் பார்த்துத் தன் தும்பிக்கையால் தொட்டது. தன்னைத் தானே அடையாளம் காண்கிறது என்று ஆய்வாளர்கள் வியந்தார்கள். அதை விடுவிக்கக் கோரிய ஆட்கொணர்வு மனுவை 2022 ஜூனில் அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 5-2 என்று தள்ளியது: அந்த உரிமை மனிதர்க்கு மட்டுமாம். அர்ஜென்டினாவில் செசிலியா என்ற சிம்பன்சிக்கு 2016-இல் அதே வகை மனு பலித்தது; மறு ஆண்டு அது பிரேசிலில் ஒரு சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கே? 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் கண்ணியமாக வாழும் உரிமையை விலங்குகளுக்கும் நீட்டிப் பேசியது உச்ச நீதிமன்றம். 2023-இல் அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை இருப்பதாக முன்தீர்ப்பு எதுவும் இல்லை என்றது. டால்பினை இந்தியா 'நபராக' அறிவித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் நம்ப வேண்டாம். 2013-இல் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி மறுத்த அரசுச் சுற்றறிக்கையில் வந்த கருத்து அது, சட்டம் அல்ல.

இப்போதைக்குக் கையில் இருப்பது மனிதருக்கான தடைகள்தான். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அடிப்பதும், அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை; டீக்கடைக் கணக்குக்குக்கூட எட்டாத தொகை. இவற்றில் பெரும்பாலானவை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றங்கள் என்பதால், ஸ்டேஷனில் கையை விரித்தால் மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டும். கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவு. ஐந்தாண்டு வரை சிறை.

யானை என்றால் வனத்துறைதான் முதல் வாசல். உரிமைச் சான்றிதழ் இல்லாமல் யாரும் யானை வைத்திருக்கக் கூடாது. தெருவில் யானையைக் கண்டால் முதலில் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். பராமரிப்புக்குத் தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் மத காரியங்களுக்காக யானையைக் கைமாற்ற வழிவிட்டிருக்கிறது. அது எனக்கு உவப்பில்லை. 2024 நவம்பரில் திருச்செந்தூரில் கோயில் யானை தாக்கிப் பாகனும் உறவினர் ஒருவரும் இறந்தார்கள். கட்டிவைத்த மிருகத்தின் பக்கத்தில் நின்று செல்பி எடுப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

புகார் எழுதும்போது நாள், நேரம், இடம், சங்கிலியின் நீளம், காலில் புண், நிழலும் தண்ணீரும் இருந்ததா என்பதையெல்லாம் குறியுங்கள். படமும் வீடியோவும் எடுங்கள். மனுவுக்கு ரசீது வாங்குங்கள். அதிகாரிகள் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு உண்டு. யானைக்காக மனிதர் யாராவது போட்டால்தான் அந்த மனு.