ஒட்டிப்போன கேஸ்கெட்டை அகற்றும் முறை



பொழுது புலருமுன் ரெம்பாவ், தம்பின், பஹாவ் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரக் காட்டை எழுப்பிவிட்டது கப்சாய் மோட்டார் சைக்கிளின் ஓசைதான். ஹோண்டா நிறுவனம் 1958-இல் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியின் வழிவந்தது அது. 2017-இல் உலகெங்கும் அவ்வகை வண்டிகளின் உற்பத்தி 10 கோடியை எட்டியது. நம் லயங்களில் அதன் பழைய சி-70 வண்டியை இன்னும் பேணி ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வரும் பொதுவான தொல்லை, இஞ்சினடியில் எண்ணெய் சொட்டுவது.

இரண்டு உலோக முகங்கள் பார்வைக்கு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், நுண்ணிய மேடுபள்ளங்கள் இருக்கவே செய்யும். அவற்றை அடைக்க இடையில் வைக்கும் தகடே கேஸ்கெட். சூட்டிலும் எண்ணெயிலும் அது வெந்து வெந்து, நாளடைவில் இரும்போடு இரும்பாய் ஒட்டிக்கொள்கிறது. சி-70 வண்டியில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதன் தலை அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். நாள்தோறும் இழுபட்டுத் தேய்வது இடையிலுள்ள கேஸ்கெட்தான்.

ஒரு பள்ளி விடுமுறையில் நாமே கிளட்ச் மூடியைக் கழற்றி, திருப்புளியால் பரபரவென்று சுரண்டினோம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்ததென்று பெருமை வேறு. மறுநாள் காலையில் வாசலெல்லாம் எண்ணெய்! அலுமினியம் மென்மையான உலோகம். எஃகு முனை இழுத்த கோடு ஒவ்வொன்றும் எண்ணெய்க்கு ஒரு வாய்க்காலாகிவிட்டது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அக்காலத்து கேஸ்கெட்டுகள் பலவற்றில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. காய்ந்த நிலையில் சுரண்டினால் அதன் நார்த்தூசி பறக்கும், கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு உள்ளே போனால், நுரையீரலிலும் அதைச் சூழ்ந்த சவ்விலும் புற்றுநோய் உண்டாக்க வல்லது. நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். இன்று இருமல் இல்லையே என்று இருந்துவிட முடியாது. லயத்து வாசலில் வேலை நடக்கும்போது சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் பிள்ளைகளல்லவா? பார்த்த மாத்திரத்தில் எதில் கல்நார் உண்டு என்று அறிய இயலாது. ஆகவே பழையது எதுவானாலும் உண்டென்றே கொள்க.

இனி வேலைக்கு வருவோம். இஞ்சின் நன்றாக ஆறட்டும். எண்ணெயை வடித்து, கிக்கர் கம்பியைக் கழற்றுங்கள். போல்ட்டுகளின் நீளம் ஒன்றுபோல் இராது. ஓர் அட்டையில் மூடியின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். மூடி வராவிட்டால் ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டலாமேயன்றி, இடுக்கில் எதையும் விட்டு நெம்பக்கூடாது.

இஞ்சினின் திறந்த வாய்களைச் சுத்தமான துணியால் அடையுங்கள். பழைய கேஸ்கெட்டின்மீது துரு இளக்கும் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, ஓர் இரவு ஊறவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி அடுப்பங்கரை வரை போகும். ஊறியதும், சீவிய மூங்கில் பட்டையாலோ கெட்டிப் பிளாஸ்டிக் துண்டாலோ படுக்கையாகத் தள்ளுங்கள். காயக் காய மறுபடியும் நனையுங்கள். பிடிவாதமாக நிற்கும் இடத்துக்கு மட்டும் சவரத் தகட்டைச் சாய்த்துப் பிடிக்கலாம்.

மின்துளைக் கருவியில் கம்பித் தூரிகையையோ தேய்ப்பு வட்டையோ மாட்டுவது கூடவே கூடாது. தூசி பறப்பது ஒருபுறமிருக்க, வட்டிலிருந்து உதிரும் பொடி எண்ணெயில் கலந்து பேரிங்குகளை அரித்துவிடும். வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சுரண்டலையும் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். கல்நார் தீயில் எரிந்து அழியாது, குப்பையோடு கொளுத்தாதீர்கள்.

விரல்நகத்தை முகத்தின்மீது ஓட்டிப் பாருங்கள். எங்கும் தட்டாவிட்டால் போதும். அடைத்த துணியை எடுத்துவிட்டுப் புதிய கேஸ்கெட்டை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். எண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, இரவு வண்டியடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால், வேலைக்கு அந்த வண்டியிலேயே புறப்படலாம்.