இயக்கம் குன்றியோருக்கு ஏற்ற இரவு உடை

நலமுள்ளவர் ஓர் இரவில் தம்மை அறியாமலே பன்முறை புரண்டு படுக்கிறார். உடலின் ஓரிடம் நெடுநேரம் அழுந்தியிருப்பின், அவ்வுணர்ச்சி மூளைக்கு எட்டி உறக்கத்திடையே உடலை அசைவிக்கிறது. தண்டுவடம் பழுதுற்றவருக்கு இவ்வெச்சரிக்கை கிட்டுவதில்லை. முதுகின்கீழ் அகப்பட்ட பொத்தான், கனத்த தையல், சுருண்ட துணி ஆகியன தோலின் இரத்த ஓட்டத்தைத் தடுத்துப் படுக்கைப் புண்ணை விளைவிக்கக்கூடும். ஆதலின் இரவு உடையும் அவருக்குச் சிகிச்சையின் ஒரு கூறேயாம்.

மும்பை ஹாஜி அலிப் பகுதியில் 1955-இல் நிறுவப்பட்ட அகில இந்திய உடலியக்க மருத்துவ, மறுவாழ்வு நிலையம் போன்றவற்றில் உடுத்தும் பயிற்சியும் சிகிச்சையில் அடங்கும். ஆயினும் வீடு திரும்பியபின், தாராவியின் ஓரறை வீட்டில் நோயாளிக்கு உடுத்திவிடுபவர் தாயோ மனைவியோ ஆவார். அங்கு மழைக்காலத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. ஈரத்தில் ஊறிய தோல் விரைவில் சிதையும். பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணியே உகந்தது.

தாராவியில் தையற்கூடங்களுக்குக் குறைவில்லை. பழைய நைட்டி ஒன்றின் முதுகுப்புறத்தைக் கழுத்து முதல் விளிம்பு வரை பிரித்துத் தரும்படி தையற்காரரிடம் கூறினால் போதும். கைகளை முன்புறமாக நுழைத்து, இரு பாதிகளையும் பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டால், படுத்திருப்பவரைத் தூக்க வேண்டுவதில்லை. முதுகு திறந்த உடையைப் பெண்கள் பலர் நாணி மறுப்பர், அது நியாயமே. உட்காரும்போது ஒன்றன்மேலொன்று நன்கு படியுமாறு பாதிகளை அகலமாக அமைத்தல் வேண்டும். தையல் பயிற்றும் ஆசிரியர்கள் இதனை ஒரு பாடமாகவே கொள்ளலாம்.

ஆடவர்க்கு நம் வேட்டியே பைஜாமாவினும் மேலானது. மூட்டிய கைலியாயின் தையல் முன்புறம் வருமாறு உடுத்துக.

விரல்கள் வலுவிழந்தவர்க்குப் பொத்தானுக்கு மாற்றாக வெல்க்ரோ உதவும். நாயுருவி முள் வேட்டியில் ஒட்டுவதை நாம் அறிவோம். அதனையொத்த ஒரு செடியின் காய் தம் நாயின் மயிரில் ஒட்டியிருந்ததைக் கண்டே சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் இதனை உருவாக்கினார். இதன் சொரசொரப்பான பகுதி தோலில் படலாகாது, உடலின்கீழும் அமையலாகாது. துவைக்குமுன் ஒட்டி மூடிவிடுக.

பக்கவாதமுற்றவர்க்கு உடுத்தும்போது செயலற்ற கையை முதலில் நுழைக்கவேண்டும். கழற்றும்போது இறுதியில் எடுக்கவேண்டும். அக்கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு ஊறுபடும்.

களப்பணியாளர் வீட்டிற்குச் செல்கையில் இடுப்பின் பின்புறம், குதிகால் முதலிய இடங்களைப் பார்வையிடுதல் நன்று. விரலால் அழுத்தியும் வெளிறாத சிவப்பு புண்ணின் தொடக்கமாகும். கருநிறத் தோலில் சிவப்பு புலப்படாது. வெப்பமோ தடிப்போ உண்டா எனத் தொட்டறிக. அவ்விடத்தில் தையலின் தடமும் காணப்படின், அவ்வுடையை அன்றிரவு அணிவிக்கலாகாது.