மூச்சால் இயங்கும் துப்பாக்கி

ஜொகூரின் வடகிழக்கே, எண்டாவ் ஆற்றோரம், கம்போங் பெத்தா முதலிய சிற்றூர்களில் வாழும் ஜாகுன் பூர்வகுடியினர் பரம்பரையாகக் கையாண்டுவந்த ஊதுகுழலைக் காண்போர், வேட்டைக்குப் புஜபலமே பிரதானம் என்ற அபிப்பிராயத்தைச் சற்றே திருத்திக்கொள்ள நேரும். ஆளுயரத்தினும் நீண்ட அக்குழலுக்குள், நெட்டி போன்ற இலேசான கூம்பைப் பின்முனையில் தரித்த மெல்லிய அம்பைச் செருகி, வாய்வைத்து ஒரே மூச்சாக ஊதினால், கூம்பு துளையை அடைத்துக் காற்றைக் கசியவிடாது தடுப்பதால், அம்பு விரைந்துசென்று கிளைமேல் இருக்கும் அணிலையோ குரங்கையோ தைக்கிறது. மீதிக் காரியத்தை, நுனியில் தடவிய ஈப்போ மரத்துப் பால், இருதயத்தை ஸ்தம்பிக்கச் செய்து முடித்துவைக்கிறது. பேராக்கின் தலைநகருக்குப் பெயர் தந்தது இந்த நச்சுமரமே.

கழுத்துக்குக் கீழ் அசைவற்றுப்போனவர் துப்பாக்கியின் விசையை இழுப்பதெப்படி என்ற பிரச்சினைக்கு மேல்நாட்டார் கண்ட பரிகாரமும் மூச்சுதான். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், போரில் முதுகுத்தண்டு சிதைந்தோர் 1948இல் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வில்வித்தைப் போட்டி நடத்திய அதே இடத்தில், 1960களின் தொடக்கத்தில் ரெஜ் மேலிங் என்பவர், ஒரு குழாயை உறிஞ்சியும் ஊதியுமே மணி, விளக்கு, தட்டச்சுப் பொறி ஆகியவற்றை இயக்கவல்ல சாதனத்தை அமைத்தார். அந்தத் தத்துவத்தையே பின்னாளில் அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கிக்கும் பொருத்தினார்கள். நாற்காலியோடு பிணைத்த தாங்கியில் துப்பாக்கி நிற்கும். முகவாயால் தள்ளும் சிறு பிடி அதை நாற்புறமும் திருப்பும். குழாயை உறிஞ்சியதும் அழுத்தம் குறைவதை ஒரு ஸ்விட்சு உணர்ந்து சிறு மோட்டாரை முடுக்க, அது விசையை இழுக்கும். இருமலுக்கெல்லாம் குண்டு பாய்ந்துவிடாதபடி, பாதுகாப்புத் தாழைத் துணைவர் ஒருவர் தம் வசம் வைத்திருப்பதே உசிதம்.

ஆயினும், விசையைவிட வழிதான் கடினம். ஜொகூரில் காட்டுப்பன்றி வந்து மேயும் செம்பனைத் தோட்டங்களில், குலை ஏற்றும் லாரிகளுக்கென்று போட்ட செம்மண் பாதை, மழை பெய்த மறுநாளும் சாதாரண நாற்காலியின் சக்கரத்தைப் பாதியளவு விழுங்கிவிடும். அகன்ற சக்கரமோ இரப்பர்ப் பட்டையோ பூட்டிய நாற்காலி இன்றியமையாதது. காட்டுப்பன்றியாயினும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் தேவை. துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம் வேறு. 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் அவர்களுக்குரிய பங்கை ஒப்புக்கொள்கிறது. அந்தப் பங்கு தோட்டத்து வாசல்வரை வந்து நின்றுவிடக் கூடாதென்பது என் கட்சி. பழகத் தொடங்குவோருக்குச் சுடுமைதானமே சௌகரியம்: துப்பாக்கியின் பாரத்தைக் கையால் தாங்க இயலாதவர், அதைச் சுருள்வில் தாங்கியின்மேல் வைத்துச் சுடலாமென்று பாராலிம்பிக் விதிகளே அனுமதிக்கின்றன.