தலைப்பெழுத்தும் குடும்பப் பெயரும்

மாணவர்களே! படிவங்களில் ‘குடும்பப் பெயர்’ என்னும் கட்டத்தைக் கண்டிருப்பீர்கள். மட்டாஞ்சேரியில் கொங்கணி பேசுவோர் பலர் அதில் பை, செனாய் என்றும், குஜராத்தியர் பலர் ஷா, மேத்தா என்றும் எழுதுவர். தமிழர் பலருக்கு அத்தகைய பெயர் இல்லை. தந்தையின் பெயரைச் சுட்டும் தலைப்பெழுத்தே உண்டு. இது ஒரு குறையா? சில சான்றோரின் பெயர்களைக் கொண்டு ஆராய்வோம்.

வி. பி. மேனன், சர்தார் படேலின்கீழ்ச் செயலாளராக இருந்து சுதேச சமஸ்தானங்களை இந்தியாவுடன் இணைக்கப் பாடுபட்டவர். நாம் வாழும் கொச்சியும் அன்று ஒரு சமஸ்தானமே. வி. கே. கிருஷ்ண மேனன் 1957 முதல் 1962 வரை இந்தியப் பாதுகாப்பு அமைச்சராக விளங்கியவர். இருவர் பெயரும் ‘வி’ எனத் தொடங்கி ‘மேனன்’ என முடிகின்றன. ஆயினும் அவர்கள் ஒரே குடும்பத்தினர் அல்லர். முன்னவரின் ‘வி’ வாப்பால என்பதையும், பின்னவரின் ‘வி’ வெங்ஙாலில் என்பதையும் குறிக்கும். இவை வெவ்வேறு வீட்டுப் பெயர்கள். ‘மேனன்’ என்பதோ பல குடும்பங்களுக்குப் பொதுவாக வழங்கிவரும் பட்டப்பெயர்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமனும், 1983இல் அப்பரிசு பெற்ற எஸ். சந்திரசேகரும் சிற்றப்பனும் மகனும் ஆவர். பெயரின் இறுதியை மட்டும் காண்போர் இவ்வுறவை அறிய இயலாது. தலைப்பெழுத்தே அதனை உணர்த்தும். இராமனின் தந்தை சந்திரசேகரன். எனவே, இராமனுக்கும் அவர் தமையனார் சி. சுப்பிரமணிய ஐயருக்கும் ‘சி’ பொதுவாயிற்று. சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறைப் பணியின் பொருட்டு, உங்கள் பெற்றோரைப் போலவே, பிறந்த மண்ணைவிட்டு இலாகூரில் வாழ்ந்தார். அங்கு 1910இல் பிறந்த மகனுக்குத் தம் தந்தையின் பெயரையே சூட்டினார். சந்திரசேகரின் ‘எஸ்’ சுப்பிரமணியன் என்பதன் முதலெழுத்து. பாட்டனார் பெயர் பேரனுக்கு வந்தது. தந்தை பெயர் தலைப்பெழுத்தாய் நின்றது. அயல்நாட்டார் குடும்பப் பெயராகக் கருதிய ‘சந்திரசேகர்’ உண்மையில் அவருக்கே இட்ட பெயர்.

ஆகவே, குடும்பப் பெயர் இன்மை குறையன்று. தலைப்பெழுத்து சிறிதாயினும், நாம் இன்னார் பிள்ளை என்பதை அது கூறும். இக்காலத்தில் தாயின் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதுவோர் உளர். படிவத்தில் தலைப்பெழுத்தை விரித்து எழுத நேரின், எல்லா ஆவணங்களிலும் ஒரே வகையாக எழுதுதல் வேண்டும்.

செயல்பாடு: உங்கள் தலைப்பெழுத்தின் விரிவையும், தந்தை, பாட்டனார் ஆகியோரின் தலைப்பெழுத்துகளின் விரிவையும் கேட்டறிந்து, தமிழில் எழுதுக.