நாற்றிலேயே அறியும் மரபு

நெல் நீரில் வளரும் பயிர்தான். ஆயினும் முற்றும் மூழ்கிய நெற்பயிர் பல நாள் தாங்காது. நீருக்கு மேலே வர முயன்று தண்டையும் இலையையும் விரைவாக நீட்டும். சேமித்த மாவுச்சத்து அதிலேயே தீரும். வெள்ளம் வடிந்ததும் துவண்டு சாயும். ஒடிசாவின் பழைய நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர்.13ஏ என்னும் இரகம் இதற்கு விலக்கு. அது வளர்ச்சியை அடக்கிக்கொண்டு ஏறத்தாழ இரண்டு வாரம் நீருக்கடியில் உயிர்வாழும். வளராதிருப்பதே அங்குப் பிழைக்கும் வழி. ஆனால், அதன் விளைச்சல் குறைவு.

இந்த ஒரு பண்பை மட்டும், மிகுந்த விளைச்சல் தரும் சுவர்ணா நெல்லுக்குக் கொண்டுவருவது எவ்வாறு? இரண்டையும் கலப்புச் செய்து, பிறந்த செடியை மீண்டும் மீண்டும் சுவர்ணாவுடன் பிற்கலப்புச் செய்ய வேண்டும். பழைய நெல்லின் பங்கு சராசரியாக 50, 25, 12.5 விழுக்காடு எனப் பாதி பாதியாகக் குறையும். ஆனால், ஒவ்வொரு முறையும் நாற்றுகளுள் பாதியில்தான் வெள்ளம் தாங்கும் மரபணு இருக்கும். எந்தப் பாதி என்பது கண்ணுக்குத் தெரியாது.

அதைத் தெரிவிப்பது மூலக்கூறு குறிப்பான். மரபணுவின் உள்ளோ மிக அருகிலோ, இரு பெற்றோரின் டி.என்.ஏ.வும் வேறுபடும் ஓர் இடமே அது. இலைத் துணுக்கு ஒன்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அவ்விடத்தை மட்டும் பாலிமரேஸ் தொடர்வினையால் பெருக்கி ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். நெல்லின் ஒன்பதாம் குரோமோசோமில் அமைந்த சப்1ஏ மரபணு 2006இல் அடையாளம் காணப்பட்டது. குறிப்பான்களின் துணையால் உருவான சுவர்ணா–சப்1, 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டு உழவர் பொன்மணி என அழைக்கும் சி.ஆர்.1009 நெல்லுக்கும் இப்பண்பு பின்னர் ஊட்டப்பட்டது.

சோதனையின் விலை இங்கு வெறும் கணக்குப் பிரச்சினை அன்று. 400 நாற்றுகள் உள்ளன எனக் கொள்வோம். பணம் 40க்கே போதுமாயின், மரபணு உடையவை ஏறத்தாழ 20 கிடைக்கும். அனைத்தையும் சோதித்தால் 200. இருபதில் சிறந்ததைவிட இருநூறில் சிறந்தது, ஏனைய பண்புகளில் சுவர்ணாவை நெருங்கி நிற்கும் வாய்ப்பு மிகுதி. அதனால் ஒரு தலைமுறைக் கலப்பே மிச்சமாகலாம்.

செலவைக் குறைக்கும் முதல் வழி, முழு மரபுத்தொகுதியையும் படிக்காமல் தேவையான சில இடங்களை மட்டும் பார்ப்பது. 96 குழிகள் கொண்ட தட்டில் பல மாதிரிகளை ஒருங்கே ஆராய்வதும், உலர்ந்த இலைத் துணுக்குகளைப் பொது ஆய்வகத்திற்கு அனுப்புவதும் உதவும். முதலில் சப்1ஏ உள்ளதா எனப் பார்த்து, இல்லாதவற்றை ஒதுக்கிவிட்டால் அடுத்த சோதனைகளின் செலவு பாதியாகும். முடிவு மட்டும் பயிர் பூக்கும் முன் வந்தாக வேண்டும். பூத்தபின் அப்பருவக் கலப்புக்கு அது உதவாது.

வறட்சியைத் தாங்குவது போன்ற பண்புகளில் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்கேற்கின்றன. அவற்றுக்குச் சில குறிப்பான்கள் போதா. ஆயிரக்கணக்கில் தேவைப்படுவதால் செலவு மீண்டும் உயர்கிறது.