பாட்டில் நடந்த கல்யாணங்கள் – 9: வாதத்தில் தோற்காதவள்

முத்துப்பட்டனைப் போன வாரம் பாபநாசத்து மலையில் விட்டோம். அவன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் உங்களுக்கு நினைவில் இருப்பார்கள்.

இந்த வாரம் படவேட்டு ரேணுகாம்பாள் கதை என்று சொல்லியிருந்தேன். படவேட்டில்தான் தொடங்குகிறேன். சம்புவராயர்கள் ஆண்ட ஊர். அதை ஒட்டியே ஜவ்வாது மலை எழுகிறது. மேலே மலையாளிப் பழங்குடியினர் இன்றும் சாமை விதைக்கிறார்கள். கதிர் பிடித்தால் குருவி இறங்கும், குருவி இறங்கினால் காவல் வேண்டும். புனக்காவல் என்றதுமே வள்ளி வந்து நின்றுவிட்டாள். அவளை விட்டுவிட்டு ரேணுகையிடம் போக மனம் வரவில்லை.

அவள் தினைப்புனம் காத்த இடமென்று சொல்லப்படும் வள்ளிமலையும் தூரத்தில் இல்லை; வேலூரைத் தாண்டி வடக்கே, மேல்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 

வள்ளியை இப்போது நினைக்க வைத்ததில் ஒரு ஸ்காட்லாந்துக் கதைப்பாடலுக்கும் பங்குண்டு. ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட 305 கதைப்பாடல்களில் அது 46ஆவது.  ரோஸ்லின் பிரபுவின் மகள் காட்டில் தனியே நடக்கிறாள். ராஜாவின் படையைச் சேர்ந்த கேப்டன் வெடர்பர்ன் அவளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறான். உன்னோடு வாழ வேண்டுமானால் இதற்கெல்லாம் பதில் சொல் என்று அவள் விடுகதை போடுகிறாள். எலும்பில்லாத கோழி வேண்டும், கொட்டையில்லாத செர்ரிப் பழம் வேண்டும். முட்டைக்குள் இருக்கும் கோழிக்கு எலும்பேது, பூவாக இருக்கும் செர்ரிக்குக் கொட்டையேது என்கிறான் அவன். எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுகிறான், அவளும் கைப்பிடிக்கிறாள்.

இதைப் படித்ததும் எனக்கு வள்ளி திருமணம் நாடகத்தின் தர்க்கம்தான் காதில் விழுந்தது. நற்றிணை 82ஆம் பாட்டிலேயே முருகனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவள் வள்ளி. கந்தபுராணம் அவள் கல்யாணத்தில்தான் முடிகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அதை நாடகமாக்கினார். இந்தப் பக்கம் மான் வந்ததா என்று வேடனாக வந்த முருகன் கேட்கிறான். சங்கப் பாடல்களில் தலைவன் தலைவியிடம் பேச்சுக்கொடுக்கக் கையாண்ட அதே வழி. கெடுதி வினாதல் என்று அகத்துறையில் அதற்குப் பெயரே உண்டு. வள்ளி மடக்குகிறாள், அவன் திருப்புகிறான், ஆர்மோனியம் கூடவே ஓடுகிறது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எழுதி வைத்ததைத் தாண்டி மேடையிலேயே பாட்டுக் கட்டுவார்கள். ஊர் விடிய விடிய உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். இந்த நாடகத்தில் சேர்ந்து நடித்த கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் 1927இல் நிஜமாகவே மணந்துகொண்டார்கள். 1933இல் கிட்டப்பா போய்விட்டார். அதன் பிறகு சுந்தராம்பாள் வாழ்நாள் முழுக்க வெள்ளைப் புடவையிலேயே இருந்தார்.

கதைக்கு வருகிறேன். வெடர்பர்ன் பதில் சொல்லி ஜெயித்தான். முருகன் என்ன செய்தான்? பிரணவத்தின் பொருளைத் தகப்பனுக்கே சொன்னவன், தமிழுக்குத் தெய்வம் என்று நாம் கொண்டாடுகிறவன், குறத்தியிடம் பேசி ஜெயிக்கவில்லை. வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாகித் தேனும் தினைமாவும் வாங்கித் தின்று தண்ணீரும் குடித்தான். அவள் மசியவில்லை. கடைசியில் அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து விரட்ட வேண்டியிருந்தது. பயந்துபோய்த்தான் அவள் கிழவனைக் கட்டிக்கொண்டாள். தெய்வத்தையே தலைவனாக வைத்துப் பாடியவர்கள்கூட அவளை வாதத்தில் தோற்கவிடவில்லை. யானைக்குப் பயந்தாள், சரி. சொல்லுக்குச் சொல் அவள் கேட்டதெல்லாம் அப்படியே நிற்கிறது. ஸ்காட்லாந்துப் பாட்டைவிட நம் பாட்டு எனக்கு ஒரு படி மேலே தெரிவது இந்த இடத்தில்தான்.

ரேணுகை கதையில் முதலில் கல்யாணம், பிறகு சந்தேகம், அதன் பிறகு வெட்டு. இருக்கிற கால் பக்கத்தில் அதை அடக்க முடியாது. அடுத்த வாரம் கமண்டல நதியில் அவள் தண்ணீர் எடுக்க இறங்குவதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)